இரண்டு பக்கமும் செம்பு

2 செப்டம்பர் 1986
நான் வரைந்த முதல் சர்க்யூட் போர்டு இன்று பாகூரில் ஏறியது. தையலம்மாள் அக்காவின் பம்புசெட்டில் எங்கள் வில்லியனூர் பட்டறைப் பெட்டியை மாட்டினோம். போர்க்கிணற்றில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரைத் தானே நிறுத்தும், உள்ளே கம்பிச் சுருள் கருகாது. போர்டில் ஒரு பக்கம் மட்டும்தான் செம்புக் கோடுகள். வாய்க்காலில் தண்ணீர் விழுந்ததும் அக்கா கையை நனைத்து என் தலையில் தெளித்தார்.

6 செப்டம்பர்
அக்கா பஸ் பிடித்துப் பட்டறைக்கே வந்துவிட்டார். "இன்னா பாப்பா, போர்ல தண்ணி கீது. உன் பொட்டி மோட்டார நிறுத்திடுது. நாத்து காயுது."
போய்ப் பார்த்தேன். நாற்றங்கால் வெடித்திருந்தது. பக்கத்துக் கொல்லை வீரப்பன் தன் மோட்டாரைப் போட்ட நொடியில் அக்காவின் மோட்டார் நின்றது. அப்போது கரண்டில் வரும் அதிர்வைப் பெட்டி 'தண்ணீர் இல்லை' என்று எடுத்துக்கொள்கிறது. பெட்டியைக் கழற்றி, மோட்டாரை நேராக இணைத்துக் கொடுத்தேன். இனி போர் வத்துனா மோட்டார் போச்சு. யார் காரணம்? நான்தானே.

8 செப்டம்பர்
பாகங்களில் குறையில்லை. என் கோட்டில்தான். எல்லாப் பாகங்களுக்கும் பொதுவான கிரவுண்டு கோடு, இடமில்லாமல், மெல்லிசாகப் போர்டைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. அதிர்வை அதுதான் வாங்கிக்கொள்கிறது.
முதலாளி சிவப்பிரகாசம் சார் மெட்ராஸில் விசாரித்திருக்கிறார். "போர்டுல நாலு அடுக்கு செம்பு போடச் சொல்றாங்கமா."
நாலா? உள்ளே புதைந்த செம்பு அறுந்தால் பாகூரில் யார் சரிசெய்வது? தேவைக்குக் கூட்டுகிறோமா, பயந்து கூட்டுகிறோமா?

9 செப்டம்பர்
இரண்டு போதும். கீழ்ப்பக்கம் கோடுகள். மேல்பக்கச் செம்பு முழுக்கக் கிரவுண்டு.
"இதுவும் நின்னுடுச்சின்னா?" என்றார் சார்.
"அக்கா கிட்ட நானே போய் சொல்றேன் சார்."
"சரி, வரை" என்றார்.

11 செப்டம்பர்
புதுப் போர்டின் கோடுகளைப் பிலிமில் கறுப்பு டேப்பால் ஒட்டி வரைகிறேன். கண் எரிகிறது. ஆனாலும் சந்தோஷம்.

27 செப்டம்பர்
புதுப் போர்டோடு பாகூர். நல்லவேளை, மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிழைத்த நாற்று பச்சையாக நிற்கிறது. வீரப்பனை மோட்டாரைப் போட்டுப் போட்டு நிறுத்தச் சொன்னேன். அக்காவின் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.
அக்காவுக்குச் சந்தேகம். "பொட்டி செத்துப்போச்சா பாப்பா?"
போரில் தொங்கி, தண்ணீர் இருப்பதைப் பெட்டிக்குச் சொல்லும் கம்பியைத் தண்ணீருக்கு மேலே தூக்கினேன். மோட்டார் நின்றது.
"உசுரோடதான் கீது," என்று சிரித்தார்.

14 நவம்பர்
காலையிலிருந்து மழை. திருக்கனூர் மண்டிக்காரர் ஒருவர் மின்தராசு செய்து தரக் கேட்டிருக்கிறார். சார் என் மேஜைக்கே வந்தார்.
"எத்தனை அடுக்கு போடலாம், பரிதா?"
"தெரியல சார். தராச எங்க வைக்கப் போறாங்கன்னு பாத்துட்டு வந்து சொல்றேன்."
தன் குடையை எடுத்து நீட்டினார்.