உப்புக்கு ஒண்ணு, சக்கரைக்கு ரெண்டு
கணவர் ஆம்ப்ரோஸ் வேலைக்கும், மகள் கேரல் காலேஜுக்கும் போனதும் வயலட் பழைய காலண்டரிலிருந்து மூன்று தாள்களைக் கிழித்தாள். வருஷத்துக்கு வருஷம் பார்வை குறைந்துகொண்டே வந்தாலும், எழுத்து விரல் நீளம் இருந்தால் அவளால் இன்னும் எழுத முடியும். தடித்த மார்க்கரை எடுத்தாள்.

"கேரல் டாடி, குக்கர்ல சாதம் இருக்கு. மீன் குழம்பைச் சூடு பண்ணிக்கோங்க.

நேத்து உங்க அக்கா வராங்கன்னு, டப்பாவுல நான் மாட்டியிருந்த ரப்பர் பேண்டையெல்லாம் அசிங்கமா இருக்குன்னு கழட்டினது நீங்க. காபியில உப்பு விழுந்ததும், 'பாவம், அவளுக்குக் கண்ணு தெரியல'ன்னு பழியை என் தலையில போட்டீங்க. மறுபடியும் மாட்டிட்டேன். உப்புக்கு ஒண்ணு, சக்கரைக்கு ரெண்டு. இனிமே தொட்டீங்க, அப்புறம் தெரியும் சேதி.

பீரோ மேல நீங்க ஒளிச்சு வெச்ச வெள்ளைக் கோலை எடுத்துக்கிட்டு, அத்திபெலேவுல இருக்கிற உங்க அக்கா வீட்டுக்குத் தனியா பஸ்ல போறேன். அவங்களுக்கு என் கையால ஒரு நல்ல காபி போட்டுக் குடுத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

நான்காவது தாளும் தேவைப்பட்டது.

"காலையில நீங்க தேடின கண்ணாடி சோபா சந்துல கிடந்துச்சு. கையால துழாவி எடுத்து பிரிட்ஜ் மேல வெச்சிருக்கேன். என் எழுத்தோட சைஸைப் பாத்துச் சிரிக்காதீங்க. கண்ணாடி இல்லாமலே கடைசிவரைக்கும் படிச்சிட்டீங்க இல்ல?"