பிப்ரவரி பதினாலு, கேட்டுக்குப் பூட்டு

பிப். 8, ஞாயிறு

காலைல பனி, அப்புறம் சுள்ளுனு வெயில். கால் வீக்கம் அப்படியே. மெட்டி கழட்டி வெச்சாச்சு.

நேத்து செக்கப்ல டாக்டரம்மா சொன்னது, மறக்காம:
– பி.பி. ஏறுது. மாத்திரை ரெண்டு வேளை. ஊறுகாய், அப்பளம் கூடாது.
– பெரியவ யாழினிக்கு ஆபரேஷன், அதனால இதுக்கும் ஆபரேஷன்தான்.
– பதினாலுக்கு முன்னால வேண்டாம், குழந்தைக்கு வாரம் பத்தாது. பதினெட்டைத் தாண்டவும் வேண்டாம். நடுவுல எந்த நாள்னு வீட்டுல பேசிச் சொல்லணும்.
– அசைவு குறைஞ்சா நேரம் காலம் பாக்காம உடனே வரணும்.

மத்தியானம் பொள்ளாச்சியிலிருந்து அப்பா போன். ஜோசியரைப் பார்த்துட்டு பஸ் ஸ்டாண்ட்ல நின்னே பேசறார். ஸ்பீக்கர்ல போட்டுத் தொலைச்சேன். பக்கத்துல அத்தை, அதாவது என் மாமியார், அவரைக்காய் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க.

"ஏனுங்க சம்மந்தியம்மா, கேக்குதுங்களா? பதினாலு, சனிக்கிழமை காத்தால குறிச்சுக் குடுத்திருக்காருங்க. சனிப் பிரதோஷம் வேற. அருமையான நேரமுங்க. போதாததுக்குக் காதலர் தினம். ஊரே கேக் வெட்டும், நமக்குச் செலவு மிச்சமுங்க!"

அவரே சிரிச்சார். அத்தை எழுந்து உள்ள போயிட்டாங்க. முறத்துல பாதி அவரை அப்படியே கிடக்கு.

"அலோ? லைன் கட்டாயிருச்சா?"

அப்பா மறந்துட்டார். வேணும்னு இல்ல. ஆனா இந்த வீட்டுல மறக்கற தேதியா அது?

பிப். 9, திங்கள்

யாழு தூங்கினப்புறம் கார்த்திகிட்ட பேசினேன். (இனி கா.தான். கை வலிக்குது.)

"எனக்கொண்ணும் இல்ல ரம்யா. பதினாலுன்னாலும் சரிதான். அம்மா தாங்காது."

எப்பவும் இதே பதில். அம்மா தாங்காது.

நடந்தது எனக்குத் தெரிஞ்ச அளவு: கா.வுக்கு அப்ப ஆறு வயசு. மிக்ஸி ரிப்பேர். அதைத் தூக்கிக்கிட்டு மாமா, அதாவது கா.வோட அப்பா, ஆர்.எஸ்.புரம் போயிருக்கார். தொண்ணூத்தெட்டுல ஊரெல்லாம் குண்டு வெடிச்ச சாயங்காலம். மாமா வரல. மிக்ஸியும் வரல. இன்னைக்கு வேண்டாம்னு சொன்னவரை அத்தைதான் அனுப்பினாங்களாம். அதுக்கப்புறம் வருசா வருசம் பிப்ரவரி பதினாலு அன்னைக்கு எங்க கேட்டுக்குப் பூட்டு. யாரும் வெளிய போகக் கூடாது, பால் கூட முந்தின நாளே வாங்கிடணும், டிவி கிடையாது. கா. லீவு போட்டுட்டு வீட்டுல இருக்கிற ஃபேனையெல்லாம் கழட்டித் துடைப்பார். கல்யாணமாகி வந்த முதல் வருசம் விசயம் தெரியாம, "பூ கூட வாங்கித் தர மாட்டீங்களா?"ன்னு கேட்டேன். பைத்தியக்காரி.

அதுக்கு முன்னால ஒரு வருசம் துடியலூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல ஹிஸ்டரி டீச்சரா இருந்தேன். தினம் காலைல "வரலாற்றில் இன்று" போர்டு எழுதறது என் பொறுப்பு. பிப். 14க்கு எழுதினது நல்லா ஞாபகம் இருக்கு. ஒரே வரி. சிவப்பு சாக்பீஸ். எழுதிட்டுப் போய் போண்டா சாப்பிட்டேன்.

இப்ப அதே பழக்கத்துல ஒவ்வொரு தேதியா பாக்கறேன்.
15 – சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில விழுந்த நாள். அதோட சிவராத்திரி, ஞாயிறு.
16 – கியோட்டோ ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. சாதுவான நாள்.
17 – அமாவாசை, கிரகணம். நம்மூர்ல தெரியாதாம். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா போதாதா.
18 – அது வரைக்கும் எனக்கே தெம்பில்ல.

என் பிறந்த நாள் டிசம்பர் 26. சுனாமி வந்தப்ப எனக்கு எட்டு வயசு. கேக் மேல பேர் எழுதி வாங்கி வெச்சாச்சு, டிவியைப் போட்டா தண்ணி. அப்பா டிவியை அணைச்சுட்டு, "வெட்டு கண்ணு"ன்னார். வெட்டினேன். கடலே பாக்காத பொள்ளாச்சிக்காரங்க நாங்க. எங்களுக்கு அது முடிஞ்சுது.

16ன்னு முடிவு.

பிப். 11, புதன்

டாக்டரம்மா சரின்னுட்டாங்க. திங்கள் காலைல. போன்ல அப்பா குரல் இறங்கிப்போச்சு. "ஏதோ பரவாயில்லைங்கற நேரந்தான்" அப்படின்னு ஜோசியர் சொன்னதை மூணு தடவ சொன்னார். சொல்லட்டும்.

பை ரெடி. பழைய வேட்டித் துணி, ஃபிளாஸ்க், யாழுவோட சின்ன வயசு ஸ்வெட்டர், ஃபைல், சார்ஜர்.

அத்தை கேலண்டர்கிட்ட ரொம்ப நேரம் நின்னாங்க. "அன்னைக்கும் சனிக்கிழமைதான் அம்மணி. இந்த வருசமும் அதே கிழமைல வந்து நிக்குது பாரு."

"பால் மாத்திரம் ரெண்டு பாக்கெட் சேத்து வாங்கிக்கலாங்க அத்தை" அப்படின்னேன். என்ன மாதிரி பதில் இது.

யாழு: "பாப்பா ஏம்மா சனிக்கிழமை வரக்கூடாது? எனக்கு லீவுதானே?"
கா.: "பாப்பாவுக்கும் லீவு."

அவர் சொன்ன வேகத்துல எல்லாரும் சிரிச்சோம். அத்தை கூட.

பிப். 13, வெள்ளி

மாசி பொறந்தாச்சு. காத்தே இல்ல. தலை கனமா இருக்கு.

சாயங்காலத்துல இருந்து அசைவு குறைவு. குறைவுதானா, இல்ல என் மனசா? மத்தியானம் இட்லி சாப்பிட்டப்ப ஒரு உதை. அப்புறம் ஒரு நெளிவு மாதிரி. ஐஸ் தண்ணி குடிச்சேன். இடது பக்கமா படுத்தேன். ஒரு தடவ புரண்டா மாதிரி இருந்துச்சு. வாயுவாவும் இருக்கலாம்.

இப்ப சொன்னா உடனே கிளம்பச் சொல்லுவாங்க. போனா அட்மிட். அட்மிட்டானா நாளைக்கு ஆபரேஷன். நாளைக்குன்னா பதினாலு.

கா. சாவியை எடுத்துட்டுக் கேட்டுப் பக்கம் போற சத்தம். பூட்டு விழுந்துச்சு.

சொல்லல. காலைல சரியாயிடும்.

வயித்து மேல கை வெச்சுக்கிட்டே எழுதறேன். ஏதாவது செய் பாப்பா. ஒரே ஒரு தடவ.

பிப். 14, சனி

இன்னும் மத்தியானம் ஆகல. ரூம் கதவைச் சாத்திட்டு எழுதறேன். வெளிய கா. ஸ்டூல் மேல, ஹால் ஃபேன் இறக்கையைக் கழட்டறார். குக்கர் விசில். மாமா படத்துக்கு மல்லிகை, நேத்து வாங்கினது, ஓரம் பழுத்துடுச்சு.

எழுந்ததுல இருந்து அசைவே இல்ல. சர்க்கரை போட்டுப் பால் குடிச்சேன். நடந்தேன். வயித்தைத் தட்டினேன். கல்லு மாதிரி.

கொஞ்ச நேரம் பாக்கலாம்.

கொஞ்ச நேரம்னா எவ்வளவு. நான் என்ன பண்ணிக்கிட்டிருக்கேன். தேதிக்குப் பயந்து

பிப். 16, திங்கள்

ஆஸ்பத்திரி. வலது கையில ட்ரிப்ஸ் ஊசி, எழுத்து கோழி கிண்டின மாதிரி வருது. சனிக்கிழமை நடந்ததை வரிசையா எழுதி வெச்சிடணும், இல்லைனா குழம்பிடும்.

கதவைத் திறந்து வெளிய வந்து சொல்லிட்டேன். "அத்தை, குழந்தை அசையல. நேத்து சாயங்காலத்துல இருந்தே குறைவு."

"நேத்துல இருந்தா? ஏன் அம்மணி சொல்லல?"

"சொன்னா இன்னைக்கு ஆயிடுமேன்னு…"

என்னைப் பார்த்தாங்க. திட்டியிருந்தா தேவலை.

கா. ஸ்டூல் மேல நின்னபடி, இறக்கையைக் கையில வெச்சுக்கிட்டே: "ஜூஸ் குடிச்சியா? கொஞ்சம் படு. சில நேரம் உள்ள தூங்குமாம். போன் போட்டுக் கேளு மொதல்ல. நாளைக்குக் காத்தால மொத வேலையா…"

"கார்த்தி, சாவி" அப்படின்னாங்க அத்தை.

அவங்க இடுப்பைப் பார்த்தேன். பூட்டறது கா.ன்னாலும் சாவி அங்கதான் இருக்கும்னு இத்தனை வருசமா நெனச்சிருந்தேன். கா. கை அவர் சட்டைப் பையை மூடிக்கிச்சு.

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்மா."

"குடு சாமி."

"இன்னைக்கு அங்கங்க செக்கிங் இருக்கும். ரோடெல்லாம் கூட்டம்."

"குடு."

குடுக்கல. அத்தை ஸ்டூல் பக்கத்துல போய் நின்னு, கையை மேல தூக்கி, பைக்குள்ள விரல் விட்டு எடுத்தாங்க. யாழு வாயிலிருந்து கல்லு எடுக்கற மாதிரி, அவ்வளவு மெதுவா. முப்பத்தி நாலு வயசு ஆளு. லேத் பட்டறையில ஆளுங்களை அதட்டி வேலை வாங்கறவர். ஸ்டூல் ஆடுச்சு. அம்மா தாங்காது, அம்மா தாங்காதுன்னு சொன்னது இந்த வாய்தான்.

அத்தை பூட்டைத் திறந்தாங்க. செருப்பு போடல. தெருமுனை ஆட்டோக்காரரைக் கையைத் தட்டிக் கூப்பிட்டாங்க. கேட்டுக்கு உள்பக்கம் கா., அவர் காலைக் கட்டிக்கிட்டு யாழு. வெளிய ஒரு அடி வைக்கல.

ஆட்டோக்காரர் என் வயித்தைப் பார்த்துட்டு, "பயப்படாதீங்கம்மா. என்ற வண்டில இதுவரைக்கும் யாரும் பொறந்ததில்ல. இன்னைக்கும் உட மாட்டேன்."

அத்தை சிரிக்கல. என் கையைப் பிடிச்சிருந்தாங்க, எலும்பு வலிச்சுது. நான் கேக்காமலே சொன்னாங்க:

"அடுத்த வருசம் அதே தேதி, பால் வாங்கக் கேட்டைத் தொறந்தேன் கண்ணு. கார்த்தி என்ற சீலையைப் புடிச்சுக்கிட்டு கத்துனான் பாரு, மூச்சு நின்னு மூஞ்சி நீலமாயிருச்சு. அன்னைக்குப் பூட்டுனேன். சாவியை அவன் கையிலயே குடுத்துப்போட்டேன், அப்பத்தான் அழுகை நின்னுச்சு. நானா சாவி கேட்டுத் தொறக்க வேண்டாம், அவனே ஒரு வருசம் தொறந்துக்குவான்னு இருந்தேன்."

"உங்களுக்குப் பயமில்லீங்களா அத்தை?"

"இல்லாம என்ன. இப்பக்கூட ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு இருக்குது."

சிக்னல்ல போலீஸ். பை, டிக்கி எல்லாம் பாத்துக்கிட்டிருந்தாங்க. ஒருத்தர் குனிஞ்சு உள்ள பாத்துட்டு, தடுப்பை அவரே ஒதுக்கினார். "போங்க போங்க."

துடிப்பு இருந்துச்சு. மெஷின்ல நானே கேட்டேன். ஆனா இறங்கி இறங்கி வருதுன்னாங்க. டாக்டரம்மா, "நேத்தே வந்திருக்கணும்மா" அப்படின்னு ஒரு வார்த்தைதான் சொன்னாங்க. அது போதும், ஆயுசுக்கும்.

"வீட்டுக்காரர் எங்க? கையெழுத்து யாரு போடறது?"

"நானுங்க. மாமியாருங்க."

பொண்ணு.

உடனே அழல. அந்த நேரத்தைப் பத்தி எழுத மாட்டேன்.

அப்புறம் அழுதா. பூனைக்குட்டி சத்தம். கண்ணாடிப் பெட்டியில வெச்சிருந்து, சாயங்காலம் வெயில் சாஞ்சப்புறம் கொண்டு வந்து குடுத்தாங்க. குழந்தை நல்லா இருக்குன்னு சொன்னாங்க. எனக்குத்தான் திரும்பத் திரும்பக் கேக்கத் தோணுச்சு.

நர்ஸ் வந்து, "அப்பா எங்கீங்க? வந்து பாக்க மாட்டாருங்களா?"

அத்தை தலையைத் திருப்பிக்கிட்டாங்க. நர்ஸ் போனப்புறம்: "நான் கூப்புட மாட்டேன் கண்ணு. அங்க கட்சி மீட்டிங்கு, கூட்டமா இருக்கும், நாளைக்குப் போறேன்னு சொன்ன மனுசனைப் போயிட்டு வாங்கன்னு அனுப்புனவ நான். அந்த வார்த்தை என்ற வாயில வராது. நீ வேண்ணா சொல்லு. வேண்டாம்னாலும் சரி."

போன் போட்டேன். முதல் ரிங்லயே எடுத்தார்.

"பாப்பா?"
"நல்லா இருக்கா. மூக்கு உங்க மூக்கு."

அழுதார்.

"நாளைக்கு விடிஞ்சதும் வந்துடறேன் ரம்யா."

சரின்னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. நாளைக்குன்னா தேதி வேற, யாருக்கும் தொல்லையில்ல. பாப்பாவோட ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அப்பா கேட்டுக்கு உள்ளயே நிப்பார், அவ்வளவுதான்.

"இன்னைக்கு வாங்க" அப்படின்னேன்.

இனி ஏதாவதுன்னா, கூப்பிட்ட வாய் என்னோடது.

அவர் மூக்கை உறிஞ்சிட்டு, "யாழுவை மாடி வீட்டு அக்காகிட்ட உட்டுட்டு பஸ்ஸுல வாரேன். வண்டி ஓட்டக் கை சரியில்ல."

வெச்சுட்டார். அதுக்கப்புறம் போட்டா எடுக்கல.

அத்தை எழுந்தாங்க. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. கீழ ரோட்டுல ஒவ்வொரு பஸ்ஸா நிக்குது, போகுது. எங்கயோ ஆம்புலன்ஸ் சத்தம், நம்ம ஆஸ்பத்திரிக்கு வர்றது இல்ல, தாண்டிப் போச்சு. யாரோ பட்டாசு வெடிச்சாங்க, கல்யாண மண்டபமா இருக்கும். அத்தை தோள் தூக்கிப் போட்டுச்சு. நான் பாப்பா காதை மூடினேன்.

திருப்பிக் கூப்பிட்டு வேண்டாம்னு சொல்லிடலாமான்னு போனை எடுத்தேன். கிளம்பினவரை நடு வழியில எப்படி.

"எறங்கிட்டான்" அப்படின்னாங்க அத்தை.

"பாத்தீங்களா? அவர்தானா?"

"அவந்தான். ரோட்டுக்கு அக்கட்டாலயே நிக்கறான். தாண்ட மாட்டேங்கறான்… லாரி மறைக்குது."

எழப் பாத்தேன், தையல் இழுத்துச்சு.

"அத்தை?"

கம்பியில நெத்தியை வெச்சு எட்டிப் பாத்தாங்க.

"அத்தை!"

"தாண்டிட்டான்."