முடி துறந்த ஜாரும் என் அப்பாவும்

என் அருமை மொட்டை அப்பாவுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று அம்மா கேட்டார். எல்லோரும் வாசிப்பார்கள், பகிடி விடாதே என்றும் சொன்னார். பகிடி இல்லாமல் உங்களோடு நான் என்றைக்குப் பேசியிருக்கிறேன்?

லண்டன் மோர்டன் வீட்டு முன்னறையில் உங்கள் கட்டிலைப் போட்ட பிறகு, என் வரலாற்றுப் பரீட்சைக்கு நீங்கள்தான் வகுப்பு. நான் வாத்தியார், நீங்கள் மாணவன். ரஷ்யப் பேரரசர் ஜாரின் ஆட்சி எப்படி விழுந்தது என்று நான் தொடங்கியதுமே, "ஜார் எண்டால் ஊறுகாய் போடுற ஜாரோ?" என்று கேட்ட மாணவன்.

ரஷ்யப் படை போரில் தோற்றுக்கொண்டிருந்ததையும், தலைநகரை மனைவியிடம் விட்டுவிட்டு ஜார் போர்முனைக்குப் போனதையும் சொன்னேன். பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்று அலுத்த பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்களைச் சுடச் சொல்லி அனுப்பிய படைவீரர்களே கடைசியில் அவர்களோடு சேர்ந்துவிட்டார்கள். இதற்கு நீங்கள் சிரிக்கவில்லை. "பாண் வரிசையிலை நானும் நிண்டனான், யாழ்ப்பாணத்திலை" என்று மட்டும் சொன்னீர்கள்.

ஊர் திரும்பிய ஜாரின் ரயில் நடுவழியில் மறிபட்டது என்றேன். "அந்தாளும் எங்கடை நோர்தன் லைன் ரயிலிலையோ ஏறினது?" என்றீர்கள். அந்த ரயில் பெட்டியிலேயே அவர் முடி துறந்தார் என்றதும் உங்கள் தலையைத் தடவினீர்கள். "எனக்கும் மருந்து ஏத்தி முடி துறக்க வைச்சிட்டாங்கள்." இருமும்வரை சிரித்தோம். என் இருமல் நின்றுவிட்டது. உங்களுடையது நிற்கவில்லை.

அடுத்ததை நான் சொல்லியிருக்கக் கூடாதோ? ஜார் முதலில் மகனுக்குத்தான் ஆட்சியை விட்டார். பிறகு வைத்தியரிடம் கேட்டார். மகனின் நோய் மாறாது என்று தெரிந்ததும், அவனுக்கும் சேர்த்துத் தானே துறந்து, தன் தம்பிக்குக் கொடுத்தார்.

"பெடியனைக் கேட்டவையோ?" என்றீர்கள்.

"இல்லை அப்பா."

"சின்னப் பெடியன், கேட்டால் என்னத்தைச் சொல்லப் போறான்? தகப்பன் செய்தது சரி. பிறகு அவனுக்கு என்ன நடந்தது?"

அது அடுத்த அத்தியாயம், பள்ளியில் இன்னும் படிப்பிக்கவில்லை என்றேன்.

நீங்கள் என்ன செய்து வைத்திருந்தீர்கள் என்பது தகனசாலையில்தான் எனக்குத் தெரிந்தது. லண்டனில் கொள்ளிக்குப் பதில் பட்டன். மூத்த மகன்தான் அழுத்த வேண்டும். ஐயர் "மகன் வாங்கோ" என்றதும் உங்கள் தம்பி, என் சித்தப்பா, முன்னால் வந்து நின்றார். நீங்கள் அவரிடம் சொல்லியிருந்தீர்களாம்: "உதை அவன்ரை கையாலை செய்ய விடாதை. நீ செய்."

அழுகை வரவில்லை அப்பா, கோபம்தான் வந்தது. இவனை லிப்டுக்குள் விட்டால் எல்லாப் பட்டனையும் அமத்துவான் என்று சனத்துக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பீர்களே. இந்த ஒன்றுக்கு மட்டும் நான் வேண்டாமா?

சித்தப்பா கையை நீட்டினார். பிறகு இழுத்துக்கொண்டார். "என்னாலை ஏலாதடா தம்பி. நீ ஓம் எண்டு சொன்னால் அமத்துறன். நீ சொல்லாமல் தொடமாட்டன்."

ஜாரின் தம்பியும் இப்படித்தான். மக்கள் சபை கேட்டால்தான் ஆட்சியை ஏற்பேன் என்றார். சபை கடைசிவரை கேட்கவில்லை. முந்நூறு வருச ஆட்சி அதோடு முடிந்தது.

நான் சித்தப்பாவுக்கு ஓம் சொல்லவில்லை. நானே அழுத்தினேன். உள்ளே எரியுலை இரைந்தது. என் வாயில் ஒரு பகிடியும் வரவில்லை.

நேற்று வகுப்பில் அந்த அடுத்த அத்தியாயம் வந்தது. தகப்பன் துறந்தது பெடியனைக் காப்பாற்றவில்லை. அடுத்த வருசம் ஒரு நிலவறையில், தாய், தகப்பன், அக்காமாரோடு அவனையும் சுட்டுவிட்டார்கள். இதைக் கேட்ட பிறகும் தகப்பன் செய்தது சரி என்பீர்களா? என் மேல் இருந்த பாசத்தில்தான் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லையே, என்ன செய்ய?

அந்தியேட்டிக்கு உங்கள் சாம்பலைக் கடலில் கரைக்கப் போகிறோம். தங்கச்சிக்கு எட்டு வயது, பயந்துவிடுவாள், வீட்டில் விடுவோம் என்று அம்மாவும் சித்தப்பாவும் முடிவெடுத்துவிட்டார்கள். அவளை ஒருவரும் கேட்கவில்லை.

நான் கேட்பேன் அப்பா. சத்தியமாகக் கேட்பேன். வருகிறேன் என்றால், யார் தடுத்தாலும் கையைப் பிடித்துக் கூட்டிப் போவேன். மாட்டேன் என்றால், கடலில் போட அவளுடைய பூவையும் நான் வாங்கிக்கொண்டு போவேன்.

இப்படிக்கு,
என்னைக் கேட்காமலே நீங்கள் பெற்ற
உங்கள் மூத்த மகன்