அப்பா எழுதாத மூன்று விதிகள்

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் சுகம், இதைப் படித்து முடித்த பிறகும் நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணினால் திட்டாதே. முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு முன் அப்பா பெயரில் உனக்கு வந்த கடிதம் அவர் எழுதியதில்லை, நான் எழுதியது. ஆபீஸில் எல்லோரோடும் சண்டை, தூக்கமே வரவில்லை, இவ்வளவு தூரம் வந்ததே தப்போ என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அவர் படித்தார், மடித்துப் பஞ்சர் சாமான் பெட்டிக்கு அடியில் வைத்தார், சொல்லாமப் போனவளுக்கு நான் என்னத்த எழுதுறது என்றார், அவ்வளவுதான். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் கையெழுத்தைப் போலவே நான் எழுதிவிட்டேன். ஆனால் அந்த மூன்று விதிகளும் நான் இட்டுக்கட்டியதில்லை, சத்தியமாக. கோணிப்போன சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கும்போது அவர் வாய்க்குள் முணுமுணுப்பதுதான். ஒரு பக்கக் கம்பியை முறுக்கினால் எதிர்ப்பக்கக் கம்பியைத் தளர்த்து. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதே, சுற்றவிட்டுப் பார். கோட்டம் போகாத சக்கரத்தைச் சரியாகிவிட்டது என்று கொடுத்தனுப்பாதே. இதெல்லாம் மனசுக்கும் பொருந்தும் என்று சேர்த்தது மட்டும்தான் என் கைவரிசை.

பதில் போட வேண்டாம், நேரே வா என்று எழுதியிருந்தேனே, நீ என்றைக்குச் சொன்னதைக் கேட்டிருக்கிறாய்? இன்று பள்ளி விட்டுச் சைக்கிள் கடைக்குப் போனால் உன் கடிதம். அப்பா கையெல்லாம் கிரீஸ், நீயே படிடீ என்றார். நான் உறையைக் கிழிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டயர் மாற்ற வந்த பால்காரர் வேறு, சத்தமாப் படி பாப்பா, எனக்கும் கேக்கட்டும் என்றார். நீங்கள் எழுதிய மூன்று விதிகளையும் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன் அப்பா, மேனேஜரிடம் நானே முதலில் தளர்ந்துகொடுத்தேன், இப்போது சேர்ந்து டீ குடிக்கிறோம், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம் என்று நினைத்ததிலிருந்து தூக்கமும் வருகிறது, அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வருகிறேன் என்றெல்லாம் நீ எழுதியிருந்ததைப் படித்தேன். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. இன்னொரு தரம் படி என்றார். எனக்கு ஒரு நாளாவது இப்படிச் சொல்லித் தந்திருக்கியாய்யா என்று பால்காரர் குறைப்பட்டதற்கு, உனக்கு டயரே தேஞ்சு போச்சு, கோட்டம் எடுத்து என்ன ஆகப்போகுது என்றார். கடை சாத்தும்போதுதான் கேட்டார், அந்த மூணாவது என்ன எழுதினேன், மறந்துபோச்சு என்று. சொன்னேன். ம், சரியாத்தான் எழுதியிருக்கேன் என்றார்.

அந்த மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை, பொய்க் கடிதம் போட்டு உனக்கே கோட்டச் சக்கரத்தை அனுப்பிவைத்திருக்கிறேனே. இப்போது பயமாகவும் இருக்கிறது, எழுந்து குதிக்க வேண்டும் போலவும் இருக்கிறது. உண்மை தெரிந்து நீ வராமல் இருந்துவிடாதே. கோபம் வந்தால் கால் சுற்று மட்டும் கோபப்படு. இன்னொன்றும் மறைத்தேன், நீ போனதிலிருந்து உன் கட்டில் மேல் அப்பா பழைய டயர்களைத்தான் அடுக்கிவைத்திருந்தார். இதோ அந்த அறையில் சத்தம் கேட்கிறது. ஒவ்வொன்றாக இறக்குகிறார், நான் விழித்துக்கொள்ளக் கூடாது என்று மெதுவாக.

நேரத்துக்குச் சாப்பிடு, பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்காதே. ஆசீர்வாதம் சொல்ல எனக்கு வயது போதாது, அதை அவரே நேரில் சொல்லட்டும்.

இந்தத் தடவை சொந்தக் கையெழுத்தில்,
உன் வாலு