ஓரம் தேய்ந்த டயர்

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து நசநச மழை. தேயிலை ஃபேக்டரியில் உலர்த்தும் மெஷினுக்கு பெல்ட் மாற்றினேன். கை முழுக்க கிரீஸ்.

செல்வி (இனி செ.) வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு டயரும் மாற்ற வேண்டும். அன்றைக்கு பெங்களூர்க்காரர்கள் எட்டுப் பேர், எட்டு பைக். சித்திரபுரத்திலிருந்து கம்பம்மெட்டு போய்த் திரும்புகிறார்கள். இதுவரை டூர் கம்பெனியில் செ. எல்லாருக்கும் பின்னால் வரும் கடைசி வண்டி. இந்த முறை வழிகாட்டிப் போகும் முன்வண்டி. யாரும் விழாமல் கூட்டி வந்தால் இனி எப்போதும் அவள்தான் முன்வண்டி என்று டூர் முதலாளி சொல்லியிருக்கிறார்.

இந்தப் பக்கத்தில் பெரிய பைக் ஓட்டுகிற பொம்பளை ஒருத்திதான். அவள் என் பொண்டாட்டி. யார் படிக்கப் போகிறார்கள், எழுதி வைக்கிறேன்.

செப். 10, புதன்

பக்கத்து வீட்டு ஜீப் தாசன் சொன்னான்: "பட்டன் டயர் போடு மாப்ள. சேத்துல ஏறும், பாறையில ஏறும். பாக்கவே கும்முனு இருக்கும்."

சரிதானே. எஸ்டேட்டில் எந்த ஜீப்பைப் பார்த்தாலும் கட்டை கட்டையாக பட்டன் வைத்த டயர்தான். செ.யிடம் சொல்லாமல் வாங்கி, மத்தியானமே ஒர்க்‌ஷாப்பில் பூட்டிவிட்டேன். ஐந்தாறு பேர் வேடிக்கை. வண்டி காட்டெருமை மாதிரி நின்றது.

செ. சாயங்காலம் வந்து பார்த்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" அவ்வளவுதான் சொன்னாள். டீ மட்டும் கொடுத்தாள், முறுக்கு இல்லை.

செப். 11, வியாழன்

தூறல். செ. பள்ளிவாசல் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"வளைவுல பின்டயர் வழுக்குதுங்க. இது சேத்துக்கு ஆன டயரு. ஞாயித்துக்கிழமை பூரா நனைஞ்ச தார் ரோடு. நான் சாயுற மாதிரிதான் பின்னாடி எட்டுப் பேரும் சாய்வாங்க. நான் விழுந்தா வரிசையா விழுவாங்க."

இருபத்திரண்டு வருஷம் ஃபிட்டர் நான். எனக்கே பாடமா என்று கத்தினேன். சாவியைப் பிடுங்கிக்கொண்டு நானே போனேன்.

இரண்டாவது வளைவு. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

முட்டி காயம். படியில் இடித்துக்கொண்டேன் என்றேன். நம்பவில்லை. மருந்து போடும்போது கொஞ்சம் அழுத்தியே போட்டாள்.

செப். 12, வெள்ளி

லீவு போட்டேன். இரண்டு சக்கரத்தையும் கழற்றி தாசன் ஜீப்பில் ஏற்றி அடிமாலிக்குப் போனோம். செ. மடியில் பழைய பின்டயர். இது எதற்கு என்றேன். "வாங்க, சொல்றேன்."

மலையாளிக் கடைக்காரர் அந்தப் பழைய டயரை வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நடுவில் வரி இருக்கிறது. இரண்டு ஓரமும் மழமழவென்று தேய்ந்திருக்கிறது.

"நேர் ரோட்டுல ஓடினா நடுவுலதான் தேயும். இது நல்லா சாய்ச்சு வளைக்கிற ஆளு. ஆரு, சேட்டனா ஓட்டுறது?"

"நான்தான்" என்றாள் செ.

என் பைக்கில் நடுதான் தேயும். இத்தனை நாளும் அந்த டயரை நான் துடைத்திருக்கிறேன், பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது. என்ன ஜென்மமோ நான்.

கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது கெட்டி ரப்பர், ரொம்ப நாள் உழைக்கும் என்றார். செ. நகத்தால் அழுத்தினாள். வேண்டாம். "சீக்கிரம் தேஞ்சா தேயட்டும். மழையில பிடிக்கணும்." அடுத்தது பிடித்திருந்தது. பக்கவாட்டில் அச்சடித்த நான்கு இலக்க எண்ணைத் தடவிப் படித்தாள். எந்த வாரம், எந்த வருஷம் செய்ததென்று அதில் இருக்குமாம். மூன்று வருஷப் பழசு. திருப்பிக் கொடுத்தாள். மூன்றாவதுதான் சரி: மிருதுவான ரப்பர், தண்ணீர் வெளியேற ஆழமான வரி, இந்த வருஷச் சரக்கு.

கடைக்காரர் தாசனிடம் முணுமுணுத்தது காதில் விழுந்தது: "சேச்சியை ஏமாத்த முடியாது."

பட்டன் டயர்கள் இப்போது கோழிக்கூண்டுக் கூரை பறக்காமல் இருக்க மேலே.

செப். 14, ஞாயிறு

மழை, மூடுபனி. ஆறரைக்குக் கிளம்பினாள். புது டயர் வழுக்கும் என்று நேற்று முழுக்க ஓட்டிப் பழக்கிவிட்டாள்.

நான் செய்தவை: விறகு அடுக்கினேன். அடுக்கியதையே மறுபடி அடுக்கினேன். போன் பண்ணினேன், சிக்னல் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை.

ஐந்தே கால். டூர் ஆபீஸ் வாசலில் முதலாளியோடு நின்றேன். கீழ் வளைவில் ஒரு விளக்கு. செ.! பின்னால் ஒன்று, இரண்டு... ஆறு. ஆறோடு நின்றுவிட்டது. கடைசி இரண்டு பேர் போட்டோ எடுக்க நின்றார்களாம். பாவிகள்.

எட்டுப் பேரும் வந்தார்கள். ஒருத்தர் மேலும் சேறு இல்லை. நரைத்த தாடிக்காரர் ஒருவர் முதலாளியிடம் சொன்னார்: "மேடம் டயர் போன இடத்துலயே எங்க டயரும் போச்சு. பயமே தெரியல." முதலாளி: "இனி செல்வி சேச்சிதான் முன்வண்டி."

அழுகை வந்தது. எல்லார் முன்னாலும் அழுதேன். போகட்டும்.

செப். 15, திங்கள்

வெயில். முட்டி வீங்கிவிட்டது, நடக்க முடியவில்லை. "ஏறுங்க, ஃபேக்டரியில விடுறேன்" என்றாள் செ.

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். அவள் பின்னால் நான் உட்கார்ந்ததில்லை. எங்கள் லய வீட்டு வரிசையில் எந்த ஆம்பளையும் பொண்டாட்டிக்குப் பின்னால் உட்கார்ந்ததில்லை. ஏறினேன். வளைவில் அவள் சாய்ந்தாள், நானும் சாய்ந்தேன்.

கேட்டில் ஷிஃப்ட் ஆட்கள் மொத்தமும். ஒரே விசில்.

"என்ன மாப்ள, பின்சீட்டா?"

"நேத்து எட்டுப் பேரு இவ பின்னாடி போனானுங்க. நான் ஒம்பதாவது, போடா."