காய்வதற்குள் குறையும் மலை

சிட்லபாக்கம், 1988

என் ஜெயசீலிக்கு,

முதலில் மானம் போன கதை. துடைக்கத் துணி தேடிய அவசரத்தில் உன் கல்யாணப் பட்டில் வர்ணத்தை அப்பிவிட்டேன்.

வேலூர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து பார்க்க, நம் மாடியிலிருந்து தெரியும் மலையை வரைந்து அனுப்பச் சொல்லிக் கேட்டாயே, அந்தப் படம்தான் வம்பு. நானாகவே வரையக் கற்றுக்கொண்ட எனக்குக் கண்ணில் படுவதைத்தான் வரையத் தெரியும். எண்ணெய் வர்ணம் காய்வதற்குள் குவாரிக்காரன் உச்சியை உடைத்துவிடுகிறான். நானும் படத்தில் துடைத்துக் குறைக்கிறேன்.

"இன்னா சார், மலை வரவர இட்லியாட்டம் ஆயிகினு கீது?" என்கிறாள் பால்காரி செல்லம்மா.

பழைய உச்சி உன் புடவையில் பத்திரமாக இருக்கிறது.

நீயும் இளைத்துவிட்டதாக உன் அக்கா எழுதியிருந்தாள். எதைத்தான் என்னால் நிறுத்த முடிகிறது? சீக்கிரம் வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அரைகுறை ஓவியன்

பி.கு.: நம் மாடிக்குப் போட்ட ஜல்லியும் அந்த மலையிலிருந்து வந்ததுதான்.