கம்பியூட்டரில் இரண்டு றஹீமா

நிந்தவூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமியும் நம் பிள்ளையும் சுகம். அந்த வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். நூஹு காக்கா நாளை கட்டாருக்குத் திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் கதைத்தால் மாமி பக்கத்தில் இருப்பார். இது அவருக்குத் தெரிய வேண்டாம்.

எங்கள் வார்டுக்குக் கம்பியூட்டர் வந்ததைச் சொல்லியிருந்தேன். நோயாளிகளின் பழைய அட்டைகளை ஸ்டோருக்குள் கட்டிப் போட்டுவிட்டார்கள். எங்களுக்கு ஒரு பின்னேரம் மட்டும் பழக்கினார்கள். கரண்ட் போனால் கடதாசியில் எழுதி, வந்தபின் எல்லாவற்றையும் மறுபடி அடிக்க வேண்டும். நோயாளியின் முகத்தைப் பார்க்கவே நேரமில்லை. அதைவிடத் தொல்லை, நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக அடிப்பது. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பதிவு. இதைச் சரிசெய்யும்வரை பழைய அட்டைகளும் கையில் இருக்கட்டும் என்று, தாதிமாருக்குப் பொறுப்பான மேற்றனிடம் கெஞ்சினேன். பழகினால் சரிவரும் என்றார்.

போன மாதம் மருதமுனை றஹீமா ராத்தாவைக் கடுங்காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். நினைவு தெளிவில்லை. ஏதும் மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று மகள் ஆகிலாவிடம் கேட்டேன், தெரியாது என்றாள். டொக்டரும் நானும் கம்பியூட்டரில் பார்த்தோம், ஒன்றும் இல்லை. பென்சிலின் ஊசியை நான்தான் ஏற்றினேன். சற்று நேரத்தில் முகம் வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. டொக்டர் ஓடிவந்து மாற்று ஊசி போட்டார். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துவிட்டார். பிறகு பெயரை வேறு எழுத்தில் அடித்துத் தேடினால் இன்னொரு றஹீமா. அதே ஆள்தான். அதில் பென்சிலின் கூடாது என்று தெளிவாக இருக்கிறது.

விசாரணையில், எல்லா எழுத்திலும் தேடாதது தாதியான என் கவனயீனம் என்று எழுதிவைத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டால் எச்சரிக்கையோடு முடியுமாம். போடாவிட்டால் தூரத்துக்கு மாற்றமாம். நான் போடவில்லை மச்சான். போட்டால் கம்பியூட்டரில் பிழையே இல்லை என்றாகிவிடும்; நாளைக்கு இன்னொருவர் மூச்சுக்குத் தவிப்பார். நடந்ததை நானே எழுதிக் கொடுத்தேன். ஆகிலாவும் தானாகப் போய், "மிஸ் என்னட்டக் கேட்டவ, எனக்குத்தான் தெரியாமப் போச்சு" என்று சொல்லியிருக்கிறாள்.

இப்போது அட்டைகளை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். என் மாற்றக் கடிதமும் வந்துவிட்டது. அடுத்த மாதம் மகாஓயாவுக்குப் போக வேண்டும். பிள்ளையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

றஹீமா ராத்தா வீட்டுக்குப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஊசிக்குப் பிறகு, ஊசி போடுகிற வேலையை என்னோடு வேலைசெய்யும் அஸ்னாவிடம் விட்டுவிட்டு, நான் கட்டில் விரிப்புகளை மாற்றுகிறேன். ஏன் என்று அவள் கேட்பதில்லை.

உங்களுக்கு லீவு கிடைக்குமா என்று ஒருக்கால் கேட்டுப்பாருங்கள். அவசரம் ஒன்றுமில்லை. கிடைத்தால் மட்டும். றஹ்மானான அல்லாஹ் உங்கள் உழைப்பில் பரக்கத் செய்து, உங்களைப் பத்திரமாக இந்த வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
சுபைறா